சொந்தப் பெயரில் ஆசிலாஸ்கோப் வாங்குவோர் கவனத்திற்கு: ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு சர்வீஸ் மறுக்கிறார்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆம்ப்ளிஃபயர், பவர் சப்ளை என்று ஆர்வத்துக்காக வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களும், விசைத்தறி, நூற்பாலை இயந்திரங்களின் போர்டுகளை வீட்டு மேசையில் வைத்துப் பழுது பார்ப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஆசிலாஸ்கோப் (மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) போன்ற சோதனைக் கருவியைப் புதிதாக வாங்க எண்ணியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் என் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் பல்லடத்தில் வசிக்கிறேன். மில்லில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து வருகிறேன். அதற்காக 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் (உள்ளீட்டு வழி) கொண்ட ஆசிலாஸ்கோப் ஒன்றைக் கோவையில் உள்ள விற்பனையாளரிடம், என் பெயரில் பில் போட்டு, மூன்றாண்டு வாரண்டியுடன் வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் முதல் சேனலில் கோளாறு வந்தது. புரோப் எனும் சோதனை வயரின் முனையை அதன் எர்த் கிளிப்போடு சேர்த்துவிட்டால் திரையில் கோடு பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். ஆனால் வோல்ட் அளவுக் குமிழைத் திருப்பிக்கொண்டே போகும்போது உள்ளே ரிலே (மின்காந்தச் சுவிட்ச்) 'டிக்' என்று மாறும் இடத்தைத் தாண்டியதும், கோடு ஒன்றரைக் கட்டம் மேலேறி அங்கேயே நின்றது. அதே புரோபை இரண்டாம் சேனலில் மாட்டினால் எல்லா அளவுகளிலும் சரியாக இருந்தது. கருவியிலேயே உள்ள சுய காலிபரேஷனை (அளவுச் சரிபார்ப்பை) ஓட்டிப் பார்த்தபோதும் முதல் சேனல் தோல்வி என்றே காட்டியது. கோளாறு புரோபில் இல்லை, கருவியின் உள்ளீட்டுப் பகுதியில்தான் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தேன். கருவியின் வரிசை எண்ணைக்கூடக் கேட்காமல், "எந்தக் கம்பெனிங்க சார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கம்பெனி இல்லை, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது என்றதும், ஜிஎஸ்டி எண் இல்லாமல் புகாரைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன்; நிறுவன வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே தொழில்நுட்ப உதவி அளிப்பதாகவும், விற்பனையாளரை அணுகும்படியும் பதில் வந்தது. விற்பனையாளரோ, நிறுவனம் புகார் எண் கொடுக்காமல் கருவியைத் தன்னால் வாங்கிக்கொள்ள முடியாது என்றார். கடைசியில், "தெரிஞ்ச பட்டறை ஏதாச்சும் இருந்தா அவங்க ஜிஎஸ்டி நம்பரைக் குடுத்துருங்க, வேலை முடிஞ்சுரும்" என்று அவரே யோசனையும் சொன்னார். என் பெயரில் உள்ள பில்லுக்கு இன்னொருவர் பெயரில் பொய்யாகப் புகார் கொடுக்கச் சொல்வது சேவை ஆகாது என்பதால் மறுத்துவிட்டேன்.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை நான் முற்றாகத் தள்ளவில்லை. சர்க்யூட் எப்படி அமைப்பது என்று ஒவ்வொரு ஆர்வலருக்கும் பொறியாளரை உட்கார வைத்து இலவசமாகச் சொல்லித்தர முடியாதுதான். புரோபின் எர்த் கிளிப் கருவியின் வழியே மின்சார எர்த்தோடு இணைந்திருப்பதை அறியாமல் மெயின்ஸ் (நேரடி வீட்டு மின்சாரம்) பகுதியில் மாட்டி விபத்துக்குள்ளாவோர் உண்டு என்பதால், பொறுப்பு தங்கள் மேல் வருமோ என்று அவர்கள் அஞ்சுவதும் புரிகிறது. ஆனால் நான் பாடம் கேட்கவில்லை. விலையோடு சேர்த்து வாங்கிய வாரண்டியைத்தான் கேட்டேன். டெக்ட்ரானிக்ஸ், ஹியூலெட் பேக்கார்டு போன்ற நிறுவனங்கள் ஒரு காலத்தில் முழு சர்க்யூட் படமும் உதிரிபாகப் பட்டியலும் அடங்கிய சர்வீஸ் கையேடுகளை வெளியிட்டதால்தான், அந்தக் காலத்துக் கருவிகளை இன்றும் நம்மால் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது. இன்றைய கருவிகள் பலவற்றின் கையேட்டில் போர்டையே மாற்று என்பதற்கு மேல் எதுவும் இல்லை. படமும் தராமல் பழுதும் பார்க்க மறுத்தால், வாங்கியவர் என்னதான் செய்வது?

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்குபவரைத்தான் நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரை விலக்கவில்லை. சுயதொழில் மூலம் தன் பிழைப்பை நடத்துவதற்கென்றே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று விளக்கமும் தருகிறது. ஆகவே சோமனூரில் வீட்டில் இருந்தபடி போர்டு பழுது பார்த்துப் பிழைப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. வரிச் சலுகை கிடைக்கும் என்று நண்பரின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடுகிறவர்கள் இங்கே அதிகம். அப்படிச் செய்தால் பில்லும் உங்கள் பெயரில் இராது, வணிகத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடவும் வழி கிடைத்துவிடும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பித் தீர்வு கேட்பார்களே தவிர, உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சரியான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள், ஜிஎஸ்டி எண் இல்லாத தனிநபருக்கும் வாரண்டி சர்வீஸ் உண்டா, கருவியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற கேள்விகளை நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது. பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். ஏற்கெனவே வாங்கி மறுப்பைச் சந்தித்தவர்கள், தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். ஆணையத்தின் முன் நீட்ட அது தேவைப்படும்.