படிவமா, குரல் பதிவா? சின்னப் பிள்ளைகளுக்கு எது சரி

காரைக்குடியில் இருந்துகொண்டு சிங்கப்பூர், மலேசியாவில் வளரும் நம்ம பக்கத்துப் பேரப்பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லித் தருகிறேன். எல்லாம் ஆறேழு வயசுப் பிள்ளைகள். பாடம் நடத்துவதைவிட, பிள்ளைக்கு நிஜமாகவே என்ன தெரியும் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கூகுள் படிவத்தில் வினாடி வினா, வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பும் குரல் பதிவு, இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது குரல் பதிவுக்கே வந்துவிட்டேன்.

படிவத்தின் சௌகரியம் தெரிந்ததுதான். தானே திருத்திக்கொள்ளும், மதிப்பெண்ணும் அட்டவணையில் ஏறிவிடும்.

ஆனால் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று அது சொல்லாது. எனக்கு இதுதான் முக்கியம். கோவில் படத்தைப் போட்டு, கோவில், மரம், வீடு, ஆறு என்று விடை கொடுத்தால், 'க'வை மட்டும் அடையாளம் தெரிந்த பிள்ளைகூடச் சரியாகத் தட்டிவிடும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதே பிள்ளையைப் படம் இல்லாமல் வாசிக்கச் சொன்னால் 'கேவில்' என்கிறது. அப்படியென்றால் முன்னால் நிற்கும் இரட்டைக்கொம்பு கண்ணில் படுகிறது, பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறது. மறுநாள் கே, கோ, தே, தோ என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் போதும். இன்னொரு பிள்ளை சரியாகத்தான் வாசிக்கும், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று. படிவத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். நம்ம அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்களே, அந்த மாதிரி நான் பிரித்துப் பார்க்க இந்தத் திக்கல்தான் உதவுகிறது.

பின்னாலிருந்து அம்மா மெல்ல எடுத்துக் கொடுப்பதும் பதிவில் கேட்டுவிடும். "ஆச்சி, திருத்தாம அப்படியே அனுப்புங்க" என்று அம்மாக்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது பெரும்பாலும் கேட்கிறார்கள். படிவத்தில் யார் விரல் தட்டியது என்று யாருக்குத் தெரியும்?

வாசிக்கக் கொடுக்கும் பத்தி மட்டும் புதிதாக இருக்க வேண்டும், படித்த பாடத்தையே கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். நாலு வரிக்கு மேல் வேண்டாம். எல்லாப் பதிவையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும், அதற்குப் பிடிக்கும் நேரம்தான் இதன் விலை. என்னுடையது சின்ன வகுப்பு, நாற்பது பிள்ளை இருந்தால் முதலில் படிவத்தால் சலித்துவிட்டு, சந்தேகமானவர்களிடம் மட்டும் குரல் கேட்கலாம். மைக்கைப் பார்த்ததும் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களை வீடியோ அழைப்பில் ஊரிலிருக்கும் ஆயாவுக்கு (பாட்டிக்கு) வாசித்துக் காட்டச் சொல்கிறேன். கணக்குப் பாடம் நான் எடுத்ததில்லை, கூட்டல் கழித்தலுக்குப் படிவமே போதுமாக இருக்கலாம், அதை எடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.