பவுசர் வரும் நாளும் பனிக்கட்டிக் கப்பலும்

நான் பிறந்து வளர்ந்தது புங்குடுதீவில். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிதண்ணீர் பவுசரில்தான் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மம்மா அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, கான்களைத் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடுவா. 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியைக் கொக்குவில் வீட்டில் மடிக்கணினியில் பார்த்த இரவு, எனக்கு அந்தப் படலைதான் நினைவுக்கு வந்தது.

கதை சில நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கிறது. பூமி ஒரு வல்லரசு, செவ்வாய் இன்னொன்று. இரண்டுக்கும் அப்பால், சிறுகோள்களில் சுரங்கம் தோண்டியும் கப்பல் ஓட்டியும் சீவிக்கிற சனம் பெல்ற்றர்கள். அவர்களுடைய பெரிய துறைமுகம் சீரீஸ் என்ற சிறுகோள். அங்கே தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். சனிக்கோளின் வளையப் பக்கமிருந்து பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு வருகிற கான்டர்பரி என்ற பழைய கப்பல் முதல் பகுதியிலேயே வருகிறது.

என்னோடு இருந்து பார்த்த தம்பி இடையில் நிறுத்திவிட்டான். "அக்கா, சீரீஸில ஐஸ் இருக்கெண்டு நாசாவே சொன்னதெல்லே? பிறகேன் இவைக்குத் தண்ணி இல்லை?" நல்ல கேள்வி. நாசாவின் டோன் விண்கலம் சீரீஸைச் சுற்றத் தொடங்கியது 2015 மார்ச்சில். தொடர் ஒளிபரப்பானது அதே ஆண்டு டிசம்பரில். தரைக்கடியில் அங்கே நிறையப் பனி இருப்பது உண்மைதான். "கொஞ்சம் பின்னுக்குப் போட்டுப் பார், தெருவில நிண்டு ஒருத்தன் கத்துறான்" என்றேன். ஆயிரம் தலைமுறைக்குக் காணும் பனி இங்கே இருந்தது, பூமியும் செவ்வாயும் அள்ளிக்கொண்டு போய்விட்டன என்கிறான் அவன். இந்தத் தொடரின் அரசியல் முழுவதும் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. அதை ஒரு தலைவரின் வாயில் வைக்காமல் தெருச் சத்தத்துக்குள் கலந்துவிட்டதற்காகவே எழுதியவர்களை நான் மதிக்கிறேன்.

அதே பகுதியில் ஒரு சிறு குருவி வருகிறது. சீரீஸில் ஈர்ப்பு குறைவு. அதனால் குருவி சிறகை எப்போதாவது ஒருமுறை அடித்துவிட்டு அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்னொரு காட்சியில், குறைந்த ஈர்ப்பிலேயே வளர்ந்த பெல்ற்றர் ஒருவனைப் பூமிக்குக் கொண்டுவந்து கொக்கிகளில் மாட்டி விசாரிக்கிறார்கள். அடிக்கத் தேவையில்லை, பூமியின் ஈர்ப்பே அவனுக்குச் சித்திரவதை. விசாரிப்பவர் பூமி அரசின் பெரிய அதிகாரி அவசராலா, பேரனோடு விளையாடுகிற ஒரு பாட்டி. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

நான் மிகவும் விரும்பியது பேச்சு. பெல்ற்றர்களுக்கென்று பல மொழிகளைக் கலந்து நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் ஒரு பேச்சை உருவாக்கியிருக்கிறார். கை அசைவுகளும் உண்டு. விண்வெளி உடைக்குள் தலையாட்டினால் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது அல்லவா. நயோமி என்ற பெல்ற்றர் பெண் பூமிக்காரரோடு ஒரு மாதிரிக் கதைப்பாள், தன் ஆட்களைக் கண்டதும் குரலே மாறிவிடும். நான் நாலு வருடம் கொழும்பில் வேலை செய்தேன். அலுவலகத்தில் பேசிய தமிழ் வேறு, வெள்ளவத்தை அறைக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கதைத்த தமிழ் வேறு. நயோமியின் மாற்றத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, குறை சொல்பவர்கள். "மெதுவாப் போகுது, பேர்கள் ஒண்டும் மனசில நிக்குதில்லை" என்று என்னோடு வேலை செய்யும் அக்கா இரண்டாம் பகுதியோடு விட்டுவிட்டா. முதல் மூன்று பகுதிகள் பாரமானவை என்பது உண்மை. மூன்று இடங்களில் மூன்று கதைகள், எது எதோடு சேரும் என்று தெரியாது. ஆனால் அந்த மெதுவில்தான் காற்றும் தண்ணீரும் அங்கே என்ன விலை என்று பழகுகிறோம். நாலாம் பகுதியில் கப்பல்கள் மோதும்போது, உடைகிற ஒவ்வொரு குழாயும் பயமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். நாலாவது வரையாவது பொறுங்கள் என்று அந்த அக்காவிடம் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரசிகர்களிலும் ஒரு வகையினரோடு எனக்கு ஒத்துவராது. ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் மகன், அண்ணை, எஞ்சின் கணக்கை மட்டுமே பார்ப்பார். கப்பல் பாதி வழியில் திரும்பி நின்று வேகத்தைக் குறைப்பது சரி, இந்த இடத்தில் வெப்பம் எங்கே போனதென்று காட்டாதது பிழை என்று மணிக்கணக்காகக் கதைப்பார். அந்தக் கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் சீரீஸில் தண்ணீர் திருடும் பொடியனைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கதைத்ததில்லை.

அதே ரசிகர்கள்தான் இந்தத் தொடரைக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம், மூன்றாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சைஃபை அலைவரிசை இதைக் கைவிட்டது. ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் கையொப்பம் சேர்த்தார்கள். காசு போட்டு விமானம் பிடித்து, அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பதாகையோடு பறக்கவிட்டார்கள். அதே மாதம் அமேசான் எடுத்துக்கொண்டது. இன்னும் மூன்று பருவங்கள் கிடைத்தன. மொத்தம் 62 பகுதிகள்.

முடிவில் எனக்கு நிறைவில்லை. மூல நாவல்கள் ஒன்பது. தொடர் ஆறாவதோடு 2022 ஜனவரியில் நின்றுவிட்டது. கடைசிப் பருவம் ஆறே பகுதிகள். அதற்குள்ளும் லக்கோனியா என்ற புதுக் கிரகத்தில் ஒரு கதையைத் தொடங்கி, அந்தரத்தில் விட்டுவிட்டார்கள். அந்த நிமிடங்களை டிரம்மர் என்ற கப்பல் தலைவிக்குக் கொடுத்திருக்கலாம். காரா கீ நடித்த அந்தப் பாத்திரம் ஐந்தாம் பருவத்தில் தன் ஆட்களைக் காப்பாற்றத் தான் வெறுக்கிறவனுக்குக் கீழேயே நிற்கிற இடங்களை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

இப்போது அம்மாவோடு திரும்பத் தொடங்கியிருக்கிறேன். அவவுக்கு ஆங்கிலம் ஓடாது, நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வருவேன். கான்டர்பரியின் பனிக்கட்டியைக் கண்டதும், "இது எத்தனை வீட்டுக்குக் காணும்?" என்று கேட்டா.