மாத்திரை விட்ட பிறகும் திரும்பாத உணர்ச்சி: லேசர் எடுத்துப் பார்த்த அனுபவம்

மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை (எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை) டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தி வருடக்கணக்காகிறது. படபடப்பு போய்விட்டது. கூடவே ஆணுறுப்பில் இருந்த உணர்ச்சியும் போய்விட்டது, இன்னும் வரவில்லை. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். முழங்கையைத் தொட்ட மாதிரி இருக்கும். தமிழில் இதைத் தேடினால் மாதம் ஒருநாள் லாட்ஜில் உட்காரும் வைத்தியர்களின் விளம்பரம்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதற்கு பி.எஸ்.எஸ்.டி. என்று பெயர், அதாவது எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைக்குப் பிறகு நீடிக்கும் பாலியல் பாதிப்பு. மாத்திரையை நிறுத்திய பிறகும் பாலியல் பாதிப்புகள் நீடிக்கலாம் என்பதை மருந்துக் குறிப்பிலேயே சேர்க்கச் சொல்லி 2019 ஜூனில் ஐரோப்பிய மருந்துகள் முகமை பரிந்துரைத்தது. அப்படியிருந்தும் நான் பார்த்த ஒரு சிறுநீரக டாக்டர், "எல்லாம் மனசுதான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தை இன்றைக்கும் வலிக்கிறது.

லேசர் யோசனை 2015ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வால்டிங்கரும் உடன் பணிபுரிந்தவர்களும், அதே வகை மாத்திரையான பராக்ஸெடின் எடுத்து ஆணுறுப்பு மரத்துப்போன ஒருவருக்குக் குறைந்த சக்தி லேசர் கொடுத்தார்கள். தொடு உணர்ச்சி ஓரளவு திரும்பியது. ஒரே நோயாளி, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக். மூட்டுவலிக்கும் தோள்வலிக்கும் வைத்திருக்கிற அதே மிஷின்தான். பிசியோ நடுத்தர வயதுக்காரர். "மாத்திரை நிறுத்தியும் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கதவைத் தாழிட்டு, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் பிறகு சுடுதண்ணீர், குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய்களாலும் மாற்றி மாற்றித் தொட்டு, எது என்று சொல்லச் சொன்னார். முனையில் சூடும் குளிரும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இத்தனை டாக்டர்களில் யாரும் இப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

சிகிச்சையில் வலியே இல்லை. இரண்டு பேருமே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பேனா மாதிரியான முனையை ஒவ்வொரு இடமாக வைத்து எடுப்பார். சூடுகூடத் தெரியாது.

பலன்? சில வாரங்களில் குளிர்ந்த குழாய் எது என்று சரியாகச் சொன்னேன். துணி உரசுவது லேசாகத் தெரிய ஆரம்பித்தது. ஆனால் இன்பம் திரும்பவில்லை. உச்சம் இன்னமும் வெறுமையாகத்தான் இருக்கிறது, ஆசையும் அப்படியே. கிடைத்த கொஞ்சமும் லேசரால் வந்ததா, தானாக வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

வரவேற்பில் இருந்தவர்கள் மட்டும் "நூறு சதவீதம் குணம்" என்று சொல்லி முன்பணப் பேக்கேஜ் எடுக்க வைக்கப் பார்த்தார்கள். இந்த நோயில் அந்த வாக்குறுதியை யாருமே கொடுக்க முடியாது, கொடுப்பது அநியாயம். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பணம் கட்டினேன். போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்புறுப்புக்கு என்று விளம்பரம் செய்யும் லேசர் இதுவல்ல. அது திசுவையே சூடாக்கும் வகை. தீக்காயமும் தழும்பும் வரலாம் என்று 2018ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

பிசியோ குறித்துக் கொடுத்த தாளை என் மனநல டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை வைத்தே பக்கவிளைவு அறிக்கை அனுப்பினார். நோயாளிகள் தாங்களே அனுப்பவும் வழி இருக்கிறது: இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.