பொங்கலுக்குப் பூக்காத "சாமந்திக் கிட்": புதுச்சேரி, கடலூர் மாடித்தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் புதுச்சேரியிலும் கடலூரிலும் வாட்ஸ்அப் வழியாக "பொங்கல் சாமந்திக் கிட்" என்று ஒன்று விற்றார்கள். விலை 6,800 ரூபாய். உள்ளே வேர்விட்ட நாற்று 20, "1000 வாட்" என்று ஒட்டிய எல்இடி பலகை ஒன்று, டைமர் ஒன்று, வளர்ப்பு முறை அச்சிட்ட தாள் ஒன்று. லாஸ்பேட்டையில் ஒரு வீடு, அரியாங்குப்பத்தில் ஒரு வீடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என்று மூன்று இடத்துச் செடிகளையும் நேரில் பார்த்து, பலகையையும் டைமரையும் சோதித்த பிறகே எங்கள் மாடித்தோட்டக் குழு இதை எழுதுகிறது. மூன்று வீட்டிலும் பொங்கலன்று தொட்டியில் ஒரு பூ இல்லை. விற்றவர் மூவருக்கும் சொன்ன பதில் ஒன்றுதான்: "தண்ணி அதிகமா விட்டுட்டீங்க." இது தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை.

லாஸ்பேட்டையில் தாளில் இருந்தபடியே தினமும் 18 மணி நேரம் விளக்குப் போட்டார்கள். செடி இரண்டடிக்கு மேல் இலையாகவே வளர்ந்து நின்றது. அரியாங்குப்பத்தில் விளக்கை மாட்டவே இல்லை, மொட்டை மாடியில் வெயிலில் வைத்தார்கள். அங்கே செடி ஒரு சாண் உயரத்திலேயே மொட்டுவிட்டு, நவம்பர் கடைசியில் இரண்டு மூன்று சின்னப் பூவோடு முடிந்தது. மஞ்சக்குப்பத்தில் விவரம் தெரிந்தவர்கள் இரவு விளக்கைச் சரியாகவே திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் பூ கிறிஸ்துமஸுக்கே வந்து மழை ஈரத்தில் அழுகியது. ஒரே கிட்டில் இத்தனை விதமான தோல்வி வரக் காரணம், உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளிலும் தனித்தனிக் கோளாறு இருந்ததுதான்.

முதலில் அந்தத் தாள். "வெஜ் ஸ்டேஜ் முதல் அறுவடை வரை 18 மணி நேரம் ஒளி, மாற்ற வேண்டாம்" என்று தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள். கீழே "ட்ரைக்கோம் பழுப்பு நிறமானதும் அறுக்கவும்" என்றும் இருக்கிறது. ட்ரைக்கோம் என்பது செடியின் மேல் வரும் நுண்ணிய சுரப்பி முடி. சாமந்தியை யாரும் அதைப் பார்த்துப் பறிப்பதில்லை. வெளிநாட்டில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்களின் அட்டவணையில் வரும் வரி அது. சாதாரணக் கஞ்சா வகைகளை அவர்கள் 18 மணி நேர ஒளியில் இலைப்பருவத்தில், அதாவது வெஜ் ஸ்டேஜில், நிறுத்தி, பிறகு 12 மணி ஒளி, 12 மணி இருட்டுக்கு மாற்றிப் பூக்க வைப்பார்கள். வயது வந்ததும் தானாகப் பூக்கும் "ஆட்டோஃபிளவர்" வகைகளுக்கு மட்டும் அந்த மாற்றம் தேவையில்லை. விற்றவர் எடுத்து ஒட்டியது இந்த இரண்டாவது வகையின் அட்டவணையை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமமில்லாமல் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை சிறை. அந்தச் செடியின் குறிப்பைப் பூச்செடி வாங்கும் வீட்டாரிடம் பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சாமந்தி குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும் செடி. அதற்குத் தானாகப் பூக்கும் வகைக்குரிய முறை பொருந்தாது. 18 மணி நேர ஒளி தொடரும் வரை அது பூவுக்குத் திரும்பாது. லாஸ்பேட்டையில் நடந்தது இதுதான்.

பகல் நீளத்தைச் செடி அளக்கிறது என்பதை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இருவர் அமெரிக்காவில் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். செடி உண்மையில் கணக்கில் வைப்பது இடையறாத இருட்டின் நீளத்தை என்பது 1938-இல் ஹாம்னர், பானர் செய்த சோதனையில் தெளிவானது. நடு இரவில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டாலே நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாக உடைந்துவிடும், செடி அதை நீண்ட பகலாக எடுத்துக்கொள்ளும். சாமந்தி சாகுபடி உலகம் முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. சாமந்தியை உறுதியாக இலைப்பருவத்தில் நிறுத்தப் பகல் பதினாலரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும். புதுச்சேரியில் ஜூன் மாத மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 50 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 25 நிமிடத்துக்கு இறங்கிவிடும். ஐரோப்பாவில் கோடைப் பகல் தானே செடியை இலையில் வைத்திருக்கும், இங்கே எந்த மாதத்திலும் அது நடக்காது. இரவு விளக்கு இல்லாமல் அக்டோபரில் நட்டால் செடி உயரம் பிடிப்பதற்கு முன்பே மொட்டு வைக்கும். அரியாங்குப்பத்துத் தொட்டிகள் அதற்குச் சாட்சி.

ஆனால் அங்கே இன்னொரு கோளாறும் இருந்தது. நாற்றுகளே மொட்டோடு வந்தவை. தாய்ச்செடிக்கு இரவு விளக்குப் போடாமல் நுனி கிள்ளி வேர்விடச் செய்தால், நுனிக்குள் பூ அரும்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். சாமந்தியின் சாதாரண இலை ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும். அரும்பு வைத்த நுனியின் கீழே வெட்டு இல்லாமல் பட்டை போல நீண்டு ஒடுங்கிய இலை ஒன்றிரண்டு வரும், நடுவில் குண்டூசித் தலை அளவு உருண்டை தெரியும். அப்படி இருந்தால் டெலிவரி ஆளை நிறுத்திவைத்து அங்கேயே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். நல்ல நாற்று 6 முதல் 8 செ.மீ. உயரம், வெள்ளை வேர், இளம்பச்சையான மென்மையான நுனி. வாங்கும் முன் இரண்டே கேள்வி போதும்: தாய்ச்செடிக்கு ராத்திரி விளக்குப் போட்டீர்களா? இது எத்தனை வார வகை? வார வகை என்றால் நீண்ட இருட்டு தொடங்கிய நாளிலிருந்து பூ வர ஆகும் வாரங்கள். தொட்டிக்கான வகைகள் பெரும்பாலும் 7 முதல் 10 வாரத்துக்குள் அடங்கும். இந்த எண் தெரியாதவரால் "பொங்கலுக்குப் பூக்கும்" என்று உறுதி சொல்லவே முடியாது. இந்த விற்பனையாளர் சொன்னது "ஹைப்ரிட்" என்ற ஒரே சொல்.

விளக்குப் பலகை விஷயத்தில் ஏமாற்று வெளிப்படையானது. 1000 வாட் என்று ஒட்டிய பலகை, பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் 96 வாட்தான் காட்டியது. பலகையில் 10 வாட் சில்லு 100 இருக்கிறது, அதனால் 1000 என்று பெருக்கிப் போடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம். சில்லுகள் அந்த அளவு மின்சாரத்தில் ஓடுவதே இல்லை. வாட் மீட்டர் இல்லாதவர்கள் வீட்டு மின் மீட்டரிலேயே பார்க்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பலகையை மட்டும் போட்டு எண்ணுங்கள். 3200 என்று இருந்தால், 1000 வாட் நிமிடத்துக்கு 53 முறை சிமிட்ட வேண்டும். இது 5 முறைதான் சிமிட்டியது.

இதைவிட வருத்தமான உண்மை, அந்தப் பலகையே தேவையில்லை என்பது. வெயில் படும் மாடியில் செடி சாப்பாடு தயாரிக்கச் சூரியன் போதும். இரவை உடைக்க இலை மட்டத்தில் சுமார் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் போதும். மஞ்சள் வெளிச்சம் தரும் சாதாரண 9 வாட் எல்இடி பல்பைச் செடிக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, போனில் லக்ஸ் அளக்கும் செயலியை இலைப் பக்கத்தில் மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். மூலைத் தொட்டியிலும் 100-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் இன்னொரு பல்பு. இரவை உடைப்பதில் சிவப்பு ஒளிதான் வலுவானது. வெள்ளை பல்பைவிட மஞ்சள் பல்பில் சிவப்பு அதிகம். இரவு 10 மணி முதல் 2 மணி வரை, மாதம் முழுக்க எரிந்தாலும் ஒரு பல்புக்கு ஒரு யூனிட்டைச் சற்றுத்தான் தாண்டும். தாளில் சொன்னபடி அந்தப் பலகையை 18 மணி நேரம் ஓட்டினால் மாதம் கிட்டத்தட்ட 52 யூனிட்.

டைமர்தான் மஞ்சக்குப்பத்துச் செடிகளைக் கெடுத்தது. சுற்றிலும் சின்ன ஊசிகளை அழுத்திவிடும் சக்கர டைமர் அது, உள்ளே பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் சக்கரம் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மழைக்காலத்தில் நாளுக்கு 40 நிமிடம் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 நாளில் 9 மணி 20 நிமிடம் பின்தங்கிவிடும். இரவு 10-க்கு எரிய வேண்டிய விளக்கு காலை 7:20-க்கு எரியும். பகலில் எரிவதை யாரும் கவனிப்பதில்லை. செடிக்கோ இரவு முழுக்க இருட்டு, அதனால் மூன்று வாரம் முன்னதாகவே மொட்டு. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரையே வாங்குங்கள். முடிந்தால் பல்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள், 9 வாட் அதற்கு ஒரு சுமையே இல்லை. வாரம் ஒரு முறை இரவு பத்தரைக்கு மாடியேறி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த பொங்கலுக்குச் செய்பவர்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 8 வார வகை, ஜனவரி 10-இல் பூ வேண்டும் என்றால், விளக்கை நிறுத்தும் நாள் நவம்பர் 15. அதற்கு முன் இலைப்பருவம் ஐந்து வாரம்: நட்டு வேர் பிடிக்க இரண்டு வாரம், நுனி கிள்ளிய பின் பக்கக்கிளை வர இரண்டு வாரம், வடகிழக்குப் பருவமழை மேகத்தில் வளர்ச்சி மந்தமாகும் என்பதால் கூடுதலாக ஒரு வாரம். ஆக நடவு அக்டோபர் 11. நாற்றைச் சொந்தமாக வேர்விடச் செய்பவர்கள் செப்டம்பர் 20-இல் தொடங்கி, அன்றிலிருந்தே இரவு விளக்கைப் போட வேண்டும். 15 செ.மீ. தொட்டிக்கு நான்கு அல்லது ஐந்து நாற்று. கிள்ளும்போது மென்மையான நுனியை ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் எடுத்து, கீழே ஆறேழு இலை இருக்கும்படி விடுங்கள். முற்றிய தண்டு வரை கிள்ளினால் பக்கக்கிளை தாமதமாகவும் ஏறுமாறாகவும் வரும்.

விளக்கை நிறுத்திய பிறகு இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும். தெருவிளக்கு, மாடிப்படி விளக்கு, பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பு எல்லாமே மொட்டைத் தள்ளிப்போடும்.

பணம் இழந்தவர்கள் பில், அந்தத் தாள், பலகையின் லேபிள் படம், மீட்டர் வீடியோ நான்கையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நடக்கவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1000 வாட் என்று ஒட்டி 96 வாட் கொடுத்தது ஒன்றே வலுவான ஆதாரம்.

இலையாகவே நிற்கும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு வெட்டி, இரண்டு வாரம் இரவு விளக்கில் பக்கக்கிளை வரவிட்டு, பிறகு விளக்கை நிறுத்துங்கள். ஜனவரி முடிவதற்குள் வெட்டிவிட்டால் ஏப்ரல் முதல் பாதியில், தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிப் பூ வரும். அதைவிடத் தள்ளிப்போட்டால் 32 டிகிரிக்கு மேல் போகும் வெயில் மொட்டை நிறுத்திவைத்துவிடும். சூடு ஏறும் முன் தொட்டியைப் பச்சை வலைக்குக் கீழே, கடல்காற்று வரும் கிழக்குப் பக்கமாக நகர்த்திவிடுங்கள்.