சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: இன்டர்கூலர் எஞ்சின் மேலேயா, பம்பருக்குப் பின்னாலேயா?

1992இல் ஜப்பானில் அறிமுகமான நாள் முதல் இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் தன் இன்டர்கூலரை, அதாவது டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் உறுப்பை, எஞ்சினின் மேலேயே சுமந்து வருகிறது. பானெட்டில் உள்ள திறப்பு அதற்குக் காற்று ஊட்டுகிறது. வீட்டிலேயே இதை மாற்ற விரும்புபவர் முன் இரண்டு வழிகள் உள்ளன: அதே இடத்தில் பெரியதொன்றைப் பொருத்துவது, அல்லது பம்பருக்குப் பின்னால் முன்பக்க இன்டர்கூலரை நிறுவுவது. இங்கே பேசப்படுவது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சினின் பின்புறம் அமைந்த, சுபாருவின் ஈஜே வகை எஞ்சின்களைப் பற்றி மட்டுமே.

25 டிகிரியில் நுழையும் காற்றை டர்போவின் 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் ஒரு பார் பூஸ்டுக்கு (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஒரு பார்) அழுத்தினால், அது ஏறத்தாழ 118 டிகிரியில் வெளியேறும். இந்த 93 டிகிரி ஏற்றத்தில் 70 சதவீதத்தை இன்டர்கூலர் நீக்கினால் வெப்பநிலை 53 டிகிரிக்கு இறங்கும். அழுத்த இழப்பை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதைவிட முக்கியமாக, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) அபாயம் குறைவதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னிழுக்க (தீப்பொறியைத் தாமதப்படுத்த) வேண்டிய தேவையும் குறைகிறது.

மேல் அமைப்பின் பலம் காற்றுப் பாதை குட்டையாக இருப்பது. டர்போவும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியும் அருகருகே இருப்பதால் அழுத்தம் விரைவாக ஏறும். பெரிய மேல் இன்டர்கூலரைச் சாதாரண ஸ்பேனர் செட்டுடன் ஒரு மதிய வேளைக்குள் மாற்றிவிடலாம். நெரிசலில் நிற்கும்போது கீழிருந்து எழும் எஞ்சின் வெப்பத்தை அதுவே உள்வாங்கிக்கொள்வதுதான் இதன் குறை. டபிள்யூஆர்எக்ஸின் உயர்திறன் வடிவமான எஸ்டிஐ கார்களில் இன்டர்கூலர் மேல் நீர் தெளிக்கும் வசதியைச் சுபாருவே கொடுத்ததிலிருந்து, இந்தச் சிக்கல் அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது என்று கொள்ளலாம்.

முன்பக்க அமைப்புக்குக் குளிர்ந்த காற்று நேராகக் கிடைக்கிறது. பெரிய கோர் (காற்று குளிரும் நடுப்பகுதி) வைக்க இடமும் உண்டு. ஆனால் எஞ்சினின் பின்புறத்திலிருந்து குழாய் முன்னே போய், மீண்டும் பின்னே வர வேண்டும். அந்த நீண்ட பாதை முழுவதும் நிரம்பிய பிறகே அழுத்தம் ஏறுவதால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிறு தாமதம் தோன்றும். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் போகும் காற்றையும் கோர் ஓரளவு தடுக்கிறது. பார் அண்ட் பிளேட் வகைக் கோர் கனமானது, கல்லடியைத் தாங்கும், வெப்பத்தால் நிரம்பவும் நேரமெடுக்கும். டியூப் அண்ட் ஃபின் வகைக் கோர் இலகுவானது, பொதுவாகப் பின்னால் உள்ள ரேடியேட்டருக்குக் காற்றைத் தாராளமாக விடும்.

வேலையின் அளவில்தான் வித்தியாசம் பெரிது. பம்பரைக் கழற்றுவது எளிய பகுதி. பல கிட்டுகளில் அதற்குப் பின்னால் உள்ள மோதல் தாங்கும் இரும்பை வெட்டவோ மாற்றவோ சொல்வார்கள். மோதலின்போது பயணிகளைக் காக்கும் உறுப்பை வீட்டு கிரைண்டரால் குறைப்பதை நான் ஏற்க மாட்டேன். அசல் இரும்புக்குப் பொருந்தும் கிட் கிடைக்காவிட்டால் இந்த வழியையே விட்டுவிடுவது நல்லது. ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் அழுத்தக் காற்றை விடுவிக்கும் பைபாஸ் வால்வின் இடமும் மாறுகிறது. மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் ஏற்கெனவே அளந்துவிட்ட காற்றை அந்த வால்வு வெளியே விட்டால் கலவையில் எரிபொருள் மிகும். எனவே வால்வின் வெளியேற்றக் குழாயை டர்போவின் நுழைவாயுடன் மீண்டும் இணைக்க வேண்டும்.

ஒவ்வொரு சிலிகான் இணைப்பும் கசிவுக்கு ஒரு வாய்ப்பு. குழாய் முனைகளில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டு, முனையில் விளிம்பு எழுப்பிய குழாய்களில் டி போல்ட் கிளாம்ப் போட்டு, டர்போவின் நுழைவாயை அடைத்து மெல்லக் காற்றேற்றி, சோப்பு நீர் தடவிக் குமிழி பார்த்த பிறகே பம்பரை மாட்ட வேண்டும்.

தொழிற்சாலை டர்போவுடன் சாலையில் ஓடும் காருக்குப் பெரிய மேல் இன்டர்கூலரே என் தேர்வு. பெரிய டர்போ வைத்தவர்களுக்கும், பந்தயத் தடத்தில் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்கும் முன்பக்க அமைப்பின் செலவு தகும். அவர்கள் கிட்டின் விலையோடு டியூனிங் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், ஏனெனில் மாறிய காற்றோட்டத்துக்கு ஏற்ப ஈசியூவைத் திருத்தும் வரை அந்தக் காரை முழு பூஸ்டில் ஓட்டக்கூடாது.