லைசென்ஸ் வேண்டாத பிஸ்டல், விசாரணை இல்லாத லைசென்ஸ்: தோட்டத்து வீட்டுக்காரர்கள் உஷார்

வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் தோட்டத்துக்குள் தனியாகக் குடியிருப்பவர்களும், அப்படி அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று எங்கள் சித்தப்பாவிடம் இரண்டு பேர் தனித்தனியாகப் பணம் பறித்திருக்கிறார்கள். அதில் ஒருவன் செய்து வைத்த வேலைக்கு, கொஞ்சம் அசந்திருந்தால் சித்தப்பா ஜெயிலுக்கே போயிருப்பார்.

அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தென்னந்தோப்புக்குள் வீடு, அவரும் சித்தியும் மட்டும்தான். பக்கத்து வீட்டுக்குப் போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள், அடுத்த வருஷம் சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதி. அந்தச் செய்திகளுக்குப் பிறகு சித்திக்குத் தூக்கம் போய்விட்டது. மோட்டார் ரூம் பக்கம் மட்டை விழுந்தால்கூட சித்தப்பாவை எழுப்பி உட்கார வைத்துவிடுவார். நியாயமான பயம்தான். அதை மோப்பம் பிடித்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

முதல் ஆள் மதுரை டவுனுக்குள் கடை வைத்திருப்பவர். "அய்யா, லைசென்ஸ், விசாரணை எதுவும் வேண்டாம், ஆதார் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க, இது வீட்டுப் பாதுகாப்புக்குன்னே வந்த பிஸ்டல்" என்று சொல்லி ஒரு கருப்புப் பெட்டியைக் கொடுத்து 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. பெட்டிக்குள் இருந்தது ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிற ஏர்கன் வகை.

லைசென்ஸ் வேண்டாம் என்று அவர் சொன்னது பொய் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி குழலின் துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், குண்டு பாயும் வேகம் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டிருந்தால் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஏன் தேவையில்லை? இலக்குப் பயிற்சிக்கான பொருள் அது. நான் ஊருக்குப் போனபோது சித்தப்பா பெருமையாக எடுத்துக் காட்டினார். திண்ணையில் நின்று, கிணற்று மேட்டில் வைத்த காலி பெயின்ட் டின்னைச் சுட்டோம். டின்னில் ஒரு சொட்டை விழுந்தது, ஓட்டை விழவில்லை. சரி, அடுத்த குண்டு போடுங்கள் என்றேன். குழலை மடக்கி அழுத்த வேண்டும், அதற்கே அவருக்கு இரண்டு கையும் தொடையும் தேவைப்பட்டது. அப்புறம் மிளகு மாதிரி இருக்கிற ஈயக் குண்டை விரல் நுனியில் எடுத்து, சரியான பக்கமாகத் திருப்பி, ஓட்டைக்குள் உட்கார வைக்க வேண்டும். பட்டப்பகலில், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தும் ஒரு குண்டு தரையில் உருண்டு போய்விட்டது. ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் அரிவாளோடு வருகிறவன் இதெல்லாம் முடியும்வரை நின்று வேடிக்கை பார்ப்பானா? பார்க்க அசல் பிஸ்டல் போலவே வேறு இருக்கிறது. வந்தவன் அதை நிஜம் என்று நம்பிவிட்டால் மிரண்டு ஓடலாம், அல்லது முதல் வெட்டை அவனே போட்டுவிடலாம்.

கூடுதலாக இன்னொரு யோசனையும் கொடுத்திருக்கிறார் கடைக்காரர், மயிலை விரட்டவும் இதுவே போதும் என்று. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில், அதாவது உச்சபட்சப் பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிறது. ஒரு மயில் செத்து விழுந்தால் வனத்துறை தோப்புக்கே வந்துவிடும். திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் சொன்ன பதில், "சுட்டுப் பார்த்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்."

இரண்டாவது ஆள்தான் ஆபத்தானவன். சித்தப்பா ஏர் பிஸ்டலில் ஏமாந்த கதையை டீக்கடையில் சொல்லப்போக, அதைக் கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் அனுப்பி வைத்த புரோக்கர். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல், பேச்சுக்குப் பேச்சு அண்ணே. "அண்ணே, இங்க மனு போட்டா வருஷக் கணக்குல இழுத்தடிப்பாங்க. வடகிழக்குல ஒரு மாநிலத்துல நம்ம ஆள் இருக்கான். ஆல் இந்தியா பெர்மிட், போலீஸ் வீட்டுக்கே வராது. 9 எம்.எம். பிஸ்டலே வாங்கித் தர்றேன்." மொத்தம் இரண்டரை லட்சம், முன்பணம் 80,000.

இந்த 9 எம்.எம். என்ற தோட்டா அளவு ஒன்றே போதும் அவன் யாரென்று கண்டுபிடிக்க. நம் நாட்டில் 9 எம்.எம்., .303 எல்லாம் தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கலெக்டரே நினைத்தாலும் தர முடியாது, மத்திய அரசு வரை போக வேண்டிய சங்கதி. பொதுமக்கள் லைசென்ஸில் வாங்கக்கூடியது 12 போர் ரக ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் நீளத் துப்பாக்கி, .315 ரைஃபிள், .32 ரிவால்வர், பிஸ்டல் இந்த மாதிரி ரகங்கள்தான்.

சில மாதம் கழித்து ஒரு லைசென்ஸ் புத்தகம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேறு ஊரில் முறையாக ஆயுத விற்பனை செய்கிற ஒரு பெரியவரிடம் நானும் சித்தப்பாவும் போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சித்தப்பா போட்டோவின் மேல் பாதி, தாளில் பாதி விழ வேண்டிய சீல் முழுசாகத் தாளிலேயே இருந்தது, அதாவது சீல் அடித்த பிறகு போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். மாவட்டத்தின் பெயர் முதல் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், கடைசிப் பக்கத்தில் வேறு. லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் தேசிய ஆயுதப் பதிவேட்டில் தருகிற யு.ஐ.என். எண் இருக்க வேண்டிய இடம் காலி. பெரியவர் புத்தகத்தை மூடி சித்தப்பா பக்கம் தள்ளிவிட்டு, "இதைக் காட்டி எங்கயும் ஒரு தோட்டாகூட கேட்டுடாதீங்க, நேரா எஸ்.பி. ஆபீஸ் போங்க" என்றார். சித்தப்பா முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய உபகாரம் என்று பிறகு வக்கீலிடம் பேசியபோதுதான் புரிந்தது. லைசென்ஸ் இல்லாமல் சாதாரண ரகத் துப்பாக்கி வைத்திருந்தாலே ஆயுதச் சட்டம் 25-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை தண்டனை. போலி லைசென்ஸைக் காட்டித் துப்பாக்கி வாங்கியிருந்தால் போலி ஆவணத்துக்குத் தனிக் கேஸ். "எனக்குத் தெரியாது, புரோக்கர் கொடுத்தான்" என்பதைக் கோர்ட்டில் நின்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் அந்த வயதில். ஏதோ நமக்கு மட்டும் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை கொடுக்கப்பட்ட 2.78 லட்சம் லைசென்ஸ்களைப் பற்றி சி.பி.ஐ. விசாரணையே நடந்தது, வெளிமாநிலத்துக்காரர்களுக்குத் தகுதி பார்க்காமல் கொடுத்தார்கள் என்பதுதான் புகார். அங்கே அசல் சீலோடு வந்த லைசென்ஸுக்கே அந்தக் கதி என்றால், சீலே தப்பாக இருக்கிற நம் புத்தகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

முறையான வழி என்னவென்றால், ஏ-1 படிவத்தில் மனு, ஆன்லைனிலேயே போடலாம். மதுரை மாநகர் எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர், வெளியே கிராமப்புறம் என்றால் கலெக்டர். உடல், மனநிலை பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். போலீஸ் விசாரணை கட்டாயம் உண்டு, வீட்டுக்கு வருவார்கள், கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விசாரணை வராது என்று எவன் சொன்னாலும் அவன் ஃபிராடு. அரசுக்குக் கட்டும் கட்டணம் இந்தப் புரோக்கர் கேட்ட தொகையின் பக்கத்தில்கூட வராது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு. கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை, தோட்டத்து வீட்டுக்கு இங்கே லேசில் கொடுப்பதில்லை.

அப்படிக் கிடைத்தாலும் எது வாங்குவது என்று சித்தப்பா அந்தப் பெரியவரிடம் கேட்டார். தோட்டத்துக்கு 12 போர் ஒற்றைக்குழலே போதும், அமைப்பு எளிது, குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று மடக்கிப் பார்த்தாலே தெரியும் என்றார். ரிவால்வர் கையடக்கம்தான், ஆனால் பழக்கம் இல்லாதவர் அதில் குறி வைப்பது கஷ்டம், அதோடு பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிற வீட்டில் தலையணைக்கு அடியில் வைக்கிற சாமானா அது? இன்னொன்று, தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மார்ச் 16-ல் அறிவிப்பு, ஜூன் 4-ல்தான் வாக்கு எண்ணிக்கை. அத்தனை நாளும் வீட்டுக் காவலுக்கென்று வாங்கிய துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும்.

"வீட்டுக்குள்ள வந்தவனைச் சுட்டா கேஸே கிடையாது" என்றும் புரோக்கர் சொல்லியிருக்கிறான். இதிலும் பாதிதான் சரி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 41-வது பிரிவில் இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்க உயிர்ச்சேதம் வரை போகும் உரிமை இருக்கிறது. ஆனால் 37-வது பிரிவு தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது. ஓடுகிறவனை முதுகில் சுட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. எப்படிச் சுட்டாலும் வழக்குப் பதிவாகும், துப்பாக்கியைக் கைப்பற்றுவார்கள், நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இப்போது நிலவரம்: புத்தகத்தை எஸ்.பி. அலுவலகத்தில் புகாரோடு ஒப்படைத்துவிட்டோம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். கொடுத்திருக்கிறார்கள், புரோக்கர் போன் சுவிட்ச் ஆஃப். பணம் அனுப்பிய ஜி.பே. ஸ்கிரீன்ஷாட், அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் சித்தப்பா அழிக்காமல் வைத்திருந்தது பெரிய உதவி. கடைக்காரர் மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடுகிறோம். 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். தோப்பில் நான்கு மூலையிலும் விளக்கு, கேட்டில் கேமரா, ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி. இந்தச் செலவு மொத்தமும் சேர்ந்து அந்த 80,000-ஐத் தொடவில்லை.

இதே வெள்ளைச் சட்டை, ஃபைல், வடகிழக்கு மாநிலக் கதையோடு யாராவது வந்து உங்கள் வீட்டிலும் முன்பணம் வாங்கியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். புத்தகம் கைக்கு வந்திருந்தால் கிழித்துப் போடவோ எரிக்கவோ வேண்டாம், அது உங்கள் பக்கத்துச் சாட்சி. ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு மாவட்டக் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுங்கள். ஒரே ஆள் மேல் நான்கு புகார் சேர்ந்தால் விசாரணை நகரும், எங்கள் ஒரு புகார் மட்டும் இருந்தால் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும்.