அட்மிரல் கிளேரி பாலம் வழியாக ஃபோர்டு தீவு: பேருந்தில் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹவாயில் பேர்ல் ஹார்பருக்குப் போகும் பெரும்பாலோருக்கு இலக்கு, 1941இல் ஜப்பானியத் தாக்குதலில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடம். நேரம் இருந்தால் மிசௌரி போர்க்கப்பல், இன்னும் இருந்தால் விமான அருங்காட்சியகம். பின்சொன்ன இரண்டும் ஃபோர்டு தீவில் இருப்பதால் பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு பேருந்து அழைத்துப் போகிறது. அது கடக்கும் பாலத்தை ஊரில் ஃபோர்டு தீவுப் பாலம் என்கிறார்கள். முறையான பெயர் அட்மிரல் கிளேரி பாலம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கித் தளபதியாக இருந்தவரின் பெயர் அது. பேருந்துச் சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பயணம் மட்டும் போதாது. நாளின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும்.

முதலில் பேருந்து. மிசௌரிக்கோ விமான அருங்காட்சியகத்துக்கோ சீட்டு வாங்கியவர்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஏறத்தாழ கால் மணி நேரத்துக்கு ஒரு வண்டி. தீவு இன்றும் கடற்படையின் பயன்பாட்டில் இருக்கிறது, குடியிருப்புகளும் உண்டு. ஆகவே ராணுவ அடையாள அட்டை இல்லாதவர்கள் வாடகைக் காரை நேரே தீவுக்கு ஓட்டிப் போக முடியாது. காரைப் பார்வையாளர் மையத்திலேயே விட வேண்டும். நிறுத்தக் கட்டணம் நாளுக்கு 7 டாலர். பைகள் விஷயத்தில் கெடுபிடி அதிகம். தோள்பை, முதுகுப்பை, இடுப்புப்பை, குழந்தையின் துணிப்பை எதுவும் உள்ளே போகாது. வாசலில் கட்டணம் கொடுத்துப் பாதுகாப்பகத்தில் வைக்கலாம், ஆனால் காலையில் அங்கே நிற்கும் வரிசையிலேயே அரிசோனா படகைத் தவறவிடுபவர்கள் உண்டு. கைபேசி, கேமரா, பணப்பை, ஒளி ஊடுருவும் தண்ணீர் பாட்டில் போதும்.

அரிசோனாவுக்கான படகு கடற்படை ஓட்டுவது. நுழைவு இலவசம், இணையப் பதிவுக்கு மட்டும் ஆளுக்கு 1 டாலர். எட்டு வாரம் முன்னதாக ஒரு பகுதி இடங்களைத் திறக்கிறார்கள், மீதியை முந்தைய நாள் ஹவாய் நேரம் பிற்பகல் 3 மணிக்கு. கிடைத்த நேரத்தை வைத்துத்தான் மற்றதையெல்லாம் அமைக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, காலையில் மிசௌரிக்குப் போய்விட்டு நண்பகல் படகுக்கு அவசரமாகத் திரும்பப் பார்ப்பது. தீவுக்குச் சாலை வழி இந்த ஒரே பாலம்தான். பெரிய கப்பலுக்காக அது திறந்துவிட்டால், மூடும்வரை தீவில் இருப்பவர் தீவில்தான். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கையிருப்பு வையுங்கள். அரிசோனாவை முடித்துவிட்டுத் தீவுக்குப் போவது இன்னும் நல்லது.

இந்தத் திறப்பு ஏன் நடக்கிறது என்பதில்தான் பாலத்தின் சுவாரசியம் இருக்கிறது. நீளம் 4,672 அடி. பெரிய போர்க்கப்பல்களின் உயர்ந்த கம்பங்களுக்கும் கோபுரங்களுக்கும் வழிவிடும் அளவு உயரமாகக் கட்டியிருந்தால், இரு கரையிலும் நெடுந்தூரம் ஏறி இறங்கும் சாய்வுகள் வேண்டியிருக்கும். அரிசோனா மூழ்கிக் கிடக்கும் நீர்ப்பரப்பின் மேல் ஒரு ராட்சதச் சட்டகம் எழுந்து நின்றிருக்கும். அதைத் தவிர்க்கப் பாலத்தைத் தாழ்வாக வைத்து, நடுவே 930 அடிக்கு ஒரு கான்கிரீட் தெப்பத்தையே சாலையாக்கினார்கள். கப்பல் வரும்போது தெப்பம் பக்கத்திலுள்ள நிலையான பகுதியின் அடியில் நழுவிப் போய் ஒதுங்குகிறது. 650 அடி அகலத்துக்கு வழி கிடைக்கிறது. சிறு படகுகளுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். 100 அடி அகலமும் 30 அடி உயரமும் உள்ள தனி இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கிறது. நீர்மூழ்கிக்காரரின் பெயரில் தனக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும் பாலம். யார் யோசித்ததோ, பொருத்தம்தான்.

1998 ஏப்ரலில் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் படகுதான். மிசௌரியைத் தீவின் ஓரம் கட்டி 1999 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறக்க முடிந்ததற்கும், 2006இல் பழைய விமானக் கொட்டகைகளில் அருங்காட்சியகம் தொடங்க முடிந்ததற்கும் இந்தச் சாலை பெரிய காரணம்.

இனி பெயருக்கு வருவோம். பெர்னார்ட் கிளேரி 1934இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி முடித்தவர். ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய 1941 டிசம்பர் 7 அன்று டால்ஃபின் என்ற நீர்மூழ்கியின் துணைத் தளபதியாக இதே துறைமுகத்தில் இருந்தார். 1944இல் பின்டாடோ என்ற புதிய நீர்மூழ்கியின் தளபதி. அந்த ஆகஸ்டில் கிழக்குச் சீனக் கடலில் தோனன் மாரு 2 என்ற 19,262 டன் கப்பலை மூழ்கடித்தார். திமிங்கல வேட்டைக்குக் கட்டி, போரில் எண்ணெய்க் கப்பலாக மாற்றியது அது. நவம்பர் 3ஆம் தேதி ஜுன்யோ என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் குறிவைத்து டார்பிடோக்களை, அதாவது நீருக்கடியில் பாயும் வெடிகுண்டுகளை, ஏவினார். இடையே வந்த அகிகாஸே என்ற நாசகாரிப் போர்க்கப்பல் அவற்றை வாங்கிக்கொண்டு அத்தனை பேருடனும் மூழ்கியது. ஜுன்யோ தப்பியது. போர்க்கால வீரத்துக்காக மூன்று முறை நேவி கிராஸ் என்ற கடற்படையின் உயரிய பதக்கம் பெற்றவர், 1970 முதல் 1973 வரை அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் தலைவராக இருந்தார். அந்தத் தலைமையகம் இந்தத் துறைமுகத்தின் மேட்டில்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பின்னும் ஹவாயிலேயே தங்கி 1996இல் காலமானார். ஊருக்குத் தொடர்பில்லாத பெரிய மனிதரின் பெயரை ஏதோ ஒரு பாலத்தில் ஒட்டிய கதை இல்லை இது.

ஆனால் பேருந்து பாலத்தில் நிற்காது, இறங்கிப் பார்க்கவும் வழி இல்லை. சில நிமிடங்களில் கடந்துவிடும். பெயர் சூட்டுவது ஒரு வேலை, பெயரைப் புரியவைப்பது வேறு வேலை. இங்கே இரண்டாவதைப் பயணிதான் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு நல்ல இடம் பார்வையாளர் மையத்துக்கு அடுத்தே மிதக்கும் பௌஃபின் நீர்மூழ்கி. பேருந்து வேண்டாம், நடந்தே போகலாம். பின்டாடோவும் பௌஃபினும் ஒரே வடிவமைப்பில் கட்டிய பலாவோ வகுப்பு; ஆக, கிளேரி கட்டளையிட்ட இடம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஏறக்குறைய அப்படியே பார்க்கலாம். நீளம் சுமார் 312 அடி, ஆட்கள் ஏறத்தாழ 80. முன்னால் ஆறு, பின்னால் நான்கு டார்பிடோக் குழாய்கள். மொத்தம் 24 டார்பிடோக்கள். முன் அறையில் அவற்றுக்கு மேலும் பக்கத்திலும் படுக்கைகள். அடியில் இரண்டு தொகுதிகளாக 252 பேட்டரிக் கலங்கள். நீருக்கடியில் இவைதான் கப்பலை ஓட்டும், அதுவும் ஒன்பது நாட் (மணிக்கு ஒன்பது கடல் மைல்) வேகத்துக்குள். மேலே வந்து டீசல் எஞ்சின்களை ஓட்டினால்தான் மறுபடி மின்னேற்றம். எதிரி தலைக்கு மேல் இருக்கும்போது தளபதி ஏன் வேகத்தைக் கஞ்சத்தனமாகச் செலவிட்டார் என்பது இதிலிருந்தே விளங்கிவிடும்.

அறைகளுக்கு இடையிலான வாசல்கள் நீள்வட்டத் துளைகள். குனிந்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டுத்தான் நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் புடவை கட்டியவர்களுக்கும் சிரமம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். ஒருவர் வெளியே இருந்து மாறி மாறித்தான் பார்க்க முடியும். கரையோரம், போரில் தொலைந்த 52 அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கான நினைவுச் சின்னத்தைக் கடந்துவிடாதீர்கள். உயிரோடு திரும்பி வந்த கிளேரியின் கதைக்கு மறுபக்கம் அது.

தீவில் மிசௌரியில் நிழல் குறைவு, இரும்பு ஏணிகள் செங்குத்து. பிடிமானமுள்ள காலணி அவசியம். 1945இல் ஜப்பானின் சரணாகதி கையெழுத்தான தளத்தில் ஒரு வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 429 வெண்பளிங்குத் தூண்களோடு, அதே தாக்குதலில் மூழ்கிய ஒக்லஹோமா கப்பலின் நினைவிடம். இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு தூண். அன்று மூழ்கிய இன்னொரு கப்பலான யூட்டாவின் நினைவிடமும் இதே தீவில்தான், ஆனால் பேருந்துப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. விமான அருங்காட்சியகத்தில் 79ஆம் கொட்டகையின் கண்ணாடிகளில் 1941இன் குண்டுத் துளைகள் இன்னும் இருக்கின்றன. நேரம் குறைவென்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

பேருந்தில் இடம் பிடிப்பது பற்றி ஒரு வார்த்தை. தீவுக்குப் போகும்போது இடப்பக்க சன்னலோரம் உட்காருங்கள், திரும்பும்போது வலப்பக்கம். அரிசோனாவின் வெள்ளை மண்டபமும் அதைப் பார்த்து நிற்கும் மிசௌரியும் அந்தப் பக்கம்தான் தெரியும். சாலை தாழ்ந்து நீருக்கு மிக அருகே போகும் இடம் வந்தால், வண்டி தெப்பத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது.